சோழியும் வாக்கியமும்: கணனிக்கு முந்திய செய்நிரல் பற்றிச் சில குறிப்புகள்

கணனியின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகின்றது. 1642இல் பஸ்கால் வடிவமைக்கத் தொடங்கிய பற்சக்கரப் பொறி, 1822இல் பபேஜ் முன்வைத்த வேற்றுமைப் பொறி, 1944இல் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய மார்க் 1, 1946இல் உலகறியச் செய்யப்பட்ட எனியாக் என அவ்வரலாறு ஒரு பொறியிலிருந்து மற்றொரு பொறிக்குத் தாவிச் செல்கின்றது. ஆனால் கணனி என்பது பொறி மட்டுமன்று. இன்ன எண்ணை எடு, இன்ன எண்ணால் வகு, மீதியைக் கொண்டு இன்ன அட்டவணையைப் பார் என்ற கட்டளைகளின் ஒழுங்கான தொடர், அதாவது செய்நிரல், அதன் மறுபாதியாகும். செய்நிரலின் வரலாற்றைத் தேடப் புகுவோமாயின், மின்சாரத்துக்கும் பற்சக்கரத்துக்கும் நெடுங்காலம் முந்திய ஒரு மரபு தமிழ் நிலத்தில் நிலவியமையைக் காணலாம். யாழ்ப்பாணத்து இல்லங்களில் ஆண்டுதோறும் புரட்டப்படும் வாக்கிய பஞ்சாங்கம் அம்மரபின் இன்றைய எச்சமாகும். அம்மரபின் இயல்பையும், அதன் வலிமையையும், அது தேங்கிய காரணத்தையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்துதல் நன்று. 'கணனியைத் தமிழரே முதலிற் கண்டனர்' என நிறுவுவது நமது நோக்கமன்று. அத்தகைய பெருமிதம் ஆய்வுக்கு உதவாது. அதுபோலவே, பழைய கணிப்புமுறை யாவும் மூடநம்பிக்கையின் பாற்பட்டவை எனத் தள்ளிவிடுவதும் ஆய்வாகாது. இவ்விரு நிலைகளும் ஒரே குறையினின்று தோன்றுவன: அம்முறை எவ்வாறு இயங்கிற்று என்பதை இரு சாராரும் பார்ப்பதில்லை.

புதுச்சேரியில் நிகழ்ந்த ஒரு கணிப்பு

1825ஆம் ஆண்டு சென்னையில் 'காலசங்கலித' என்னும் பெருநூல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் ஜோன் வாரன், ஒரு படை அதிகாரி. சென்னை வானாய்வு நிலையத்திற் சில காலம் பொறுப்பு வகித்தவர். தென்னிந்தியரின் கால அளவை முறைகளைத் தொகுக்க முற்பட்ட அவர், புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைச் சந்தித்தார். அக்கணிதரின் பெயரைத் தம் செவிக்கு எட்டியவாறு 'சாமி நாடென் சாஷியா' என வாரன் எழுதிவைத்துள்ளார். சாமிநாதன் என்பதே அதன் முற்பகுதி ஆதல் வேண்டும்.

அக்கணிதர் தாளையும் மையையும் நாடவில்லை. தரையிற் சோழிகளைப் பரப்பினார். மனத்தில் இருத்திய அட்டவணைகளைச் சொற்றொடர் வடிவில் ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொணர்ந்தார். சோழிகளைக் கூட்டியும் குறைத்தும் இடம் மாற்றியும், 1825 மே 31க்கும் யூன் 1க்கும் இடைப்பட்ட இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தற்கால வானியலோடு ஒப்பிடுகையில் அவர் கணிப்பில் தொடக்க நேரத்துக்கு 4 நிமிடமும், நடுவேளைக்கு 23 நிமிடமும், முடிவுக்கு 52 நிமிடமும் பிழை இருந்தது. எழுதுகோலின்றி, தரையிற் கிடந்த சோழிகளைக் கொண்டு செய்த கணிப்புக்கு இது வியக்கத்தக்க நுட்பமே.

வாரன் குறிப்பிடும் மற்றொரு செய்தி நமக்கு இன்னும் முக்கியமானது. வானியற் கோட்பாடு எதனையும் அக்கணிதர் அறிந்திருக்கவில்லை; சந்திரன் ஏன் ஒருகால் விரைந்தும் ஒருகால் மெலிந்தும் செல்கின்றது என்பது அவருக்குத் தெரியாது; ஆனால் செய்முறையின் ஒவ்வொரு படியும் அவர் நினைவில் வழுவின்றிப் பதிந்திருந்தது என அவர் கூறுகின்றார். நூற்றாண்டு கடந்து இப்பதிவைப் படித்த கணித வரலாற்று அறிஞர் ஒற்றோ நொய்கபவர், 1952இல் 'தமிழர் வானியல்' என்ற பொருளில் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். பாபிலோனிய ஆப்பெழுத்துப் பலகைகளை வாசித்துப் பெயர்பெற்ற அவர், தாம் களிமண்ணிற் கண்ட எண்முறைக்கு நெருங்கிய ஒன்று 19ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் உயிரோடு இயங்கியமையைக் கண்டு வியந்தார்.

செய்முறையின் அமைப்பு

சந்திரன் பூமிக்கு மிகத் தொலைவான நிலையிலிருந்து புறப்பட்டு மீண்டும் அந்நிலையை அடைய ஏறத்தாழ 27.55 நாள் செல்லும். இக்காலம் முழுநாட்களாக அமையாமையால், ஒரு சுற்றுக்கென ஆக்கிய அட்டவணை அடுத்த சுற்றுக்குப் பொருந்தாது. ஆனால் 9 சுற்றுக்கள் சேர்ந்தால் 248 நாளுக்கு மிக அண்மையாக வரும். வேறுபாடு கால் மணிக்கும் குறைவு. ஆகவே 248 நாட்களுக்குச் சந்திரனின் நிலையை ஒரு முறை கணித்து வைத்துவிட்டால், அவ்வட்டவணையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். இவையே வரருசியின் பெயரால் வழங்கும் 248 சந்திர வாக்கியங்கள்.

எஞ்சிய சிறு வேறுபாடு பல சுற்றுக்களிற் பெருகுமாதலின், அதனை அடக்க இரு பேரெண்கள் துணைநின்றன. 110 சுற்றுக்கு 3031 நாள். 449 சுற்றுக்கு 12,372 நாள். 248 நாளிற் சந்திரன் இராசிச் சக்கரத்தை 9 முறை முழுதும் சுற்றி மேலும் 27 பாகை 44 கலை செல்லும். 3031 நாளில் முழுச் சுற்றுக்கள் நீங்க 337 பாகை 31 கலையும், 12,372 நாளில் 297 பாகை 48 கலையும் மிகும். இம்மூன்று மிகுதிகளும் துருவம் எனப்படும்.

இனிக் கணிப்பு எளிதாகின்றது. குறித்த அடிநாளிலிருந்து வேண்டிய நாள்வரை 10,000 நாள் சென்றதாகக் கொள்வோம். அது 12,372இற் குறைவாதலின் முதல் ஈவு பூச்சியம். 3031ஆல் வகுக்க ஈவு 3, மீதி 907. அம்மீதியை 248ஆல் வகுக்க ஈவு 3, மீதி 163. மூன்று முறை 337 பாகை 31 கலையும், மூன்று முறை 27 பாகை 44 கலையும் கூட்டி முழுச் சுற்றுக்களை நீக்கினால் 15 பாகை 45 கலை வரும். இதனோடு அடிநாளின் நிலையையும், 163ஆம் வாக்கியம் தரும் பாகையையும் கூட்டினால் அந்நாளின் சந்திர ஸ்புடம் கிடைக்கும். அவ்வளவே. வகுத்தல், பெருக்கல், கூட்டல், அட்டவணை பார்த்தல் என்பவற்றுக்கு அப்பால் எதுவும் வேண்டியதில்லை. கோணகணிதத்தின் கடுமை முழுவதும் அட்டவணையை ஆக்கியவனோடு நின்றுவிட்டது. அதனைக் கையாள்பவனுக்கு எஞ்சியது எண்ணும் தொழிலே.

இம்முறை எவ்விடத்தும் தனியே முளைத்ததன்று. 248, 3031 என்னும் எண்கள் எகிப்திற் கிடைத்த கிரேக்கப் பப்பைரசு ஏடுகளிலும், வராகமிகிரரின் பஞ்சசித்தாந்திகையிலும் காணப்படுகின்றன. பாபிலோன், அலெக்சாந்திரியா, உச்சயினி எனப் பல கைகள் மாறியே அது தென்னகம் வந்தது. இங்கு அது கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் வாக்கியம் என்னும் தனி வடிவம் பெற்றது. காஞ்சிப் பகுதியில் ஏறத்தாழ 1300ஐ அண்டி எழுந்ததாகக் கருதப்படும் 'வாக்கியகரணம்' அவ்வடிவத்தின் முதன்மை நூலாகும். அதனை ரி. எஸ். குப்பண்ண சாஸ்திரி, கே. வி. சர்மா ஆகிய இருவரும் பதிப்பித்து 1962இற் சென்னையில் வெளியிட்டனர்.

எண்ணைச் சொல்லாக்கிய முறை

248 எண்களை வெறும் எண்களாக நினைவில் இருத்துதல் அரிது. ஆதலின் அவை கடபயாதி முறையாற் சொற்களாக்கப்பட்டன. வடமொழி நெடுங்கணக்கில் க, ட, ப, ய என்னும் நான்கு எழுத்துக்களும் ஒன்றைக் குறிக்க, அவற்றை அடுத்த மெய்கள் முறையே இரண்டு, மூன்று எனத் தொடரும். ஞகரமும் நகரமும் பூச்சியம். உயிர்க்குறிகளுக்கு மதிப்பில்லை, கூட்டெழுத்தில் இறுதி மெய்யே எண்ணப்படும். பெற்ற இலக்கங்களை வலமிருந்து இடமாக வாசித்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, 'ரவி' என்ற சொல்லில் ரகரம் 2, வகரம் 4. திருப்பி வாசிக்க 42. இவ்வாறு பாகையும் கலையும் பொருளுள்ள சிறு தொடர்களாயின. ஓர் எண்ணுக்குப் பல சொற்கள் அமையக்கூடுமாதலின், நினைவில் நிற்கத்தக்க தொடரைத் தெரிந்தெடுக்க ஆக்கியோனுக்கு இடமிருந்தது.

இம்முறை அளவெட்டியாருக்குப் புதிதன்று. நாகசுர மேதை என். கே. பத்மநாதனின் பெயரோடும் தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் பெயரோடும் பிணைந்த அவ்வூரில், 72 மேளகர்த்தா இராகங்களை முறையாகப் பயின்ற எவரும் கடபயாதியை அறிவர். மாயாமாளவகௌளை என்ற பெயரின் முதல் ஈரெழுத்துக்களில் மகரம் 5, யகரம் 1. திருப்பினால் 15ஆவது மேளம். மேசகல்யாணியில் மகரம் 5, சகரம் 6, அது 65ஆவது. தீரசங்கராபரணம் 29, அரிகாம்போதி 28. கும்பிளாவளைப் பிள்ளையார் கோயில் வீதியில் நாகசுரக் கலைஞர் வாசிக்கும் இராகத்தின் பெயருக்குள் எண் மறைந்திருப்பதும், அக்கோயிலின் திருவிழா நாளைக் குறிக்கும் பஞ்சாங்கக் கணிதரின் வாக்கியத்துள் சந்திரனின் பாகை மறைந்திருப்பதும் ஒரே முறையினாலாம். எண்ணை வேறொரு குறியீட்டுக்கு மாற்றிச் சேமித்து, வேண்டியபோது மீண்டும் எண்ணாக்குதல் இன்று கணனியின் அன்றாடச் செயல். இங்கு மனித நினைவே சேமிப்பகமாயிற்று.

ஆக, மூன்று உறுப்புக்களை நாம் வேறுபடுத்திக் காணலாம். வாக்கியங்கள் சேமித்த தரவு. தரையிற் கிடக்கும் சோழிகள் இடைக்கால விடைகளைத் தாங்கும் பதிவிடம். மனனம் செய்த படிமுறை செய்நிரல். இயக்குவது மட்டும் மனிதன். 'கணி' என்னும் பழஞ்சொல் காலம் கணிப்பவனைக் குறித்தது. அதே வேரினின்றே இன்று கணனி என்ற சொல்லையும் ஆக்கிக்கொண்டோம். ஆங்கிலத்திலும் கணனியைச் சுட்டும் சொல் 1940கள் வரையில் கூலிக்குக் கணக்கிடும் ஆளையே பெரிதும் குறித்தது.

ஆளிலிருந்து பொறிக்கு

புதுச்சேரிக் கணிதர் சோழி பரப்பிய காலத்துக்குச் சற்று முன்னர், புரட்சிக்குப் பிந்திய பிரான்சில் இதே பிரச்சினை வேறொரு முறையில் தீர்க்கப்பட்டது. 1790களில் பெரும் மடக்கை அட்டவணைகளை ஆக்கும் பணியை ஏற்ற டி புரோனி, தொழிலாளரை மூன்று படிகளாக வகுத்தார். மேற்படியில் சூத்திரம் தெரிவு செய்யும் கணித அறிஞர் சிலர். நடுப்படியில் வேலையைப் பகுத்துத் தாள் ஆயத்தம் செய்வோர். கீழ்ப்படியில் கூட்டலும் கழித்தலும் மட்டுமே அறிந்த பலர். கீழ்ப்படியினர்க்குத் தாம் செய்வதன் பொருள் தெரியவேண்டியதில்லை. சிந்திக்காமற் செய்யத்தக்க வேலையைப் பொறியாற் செய்விக்கலாம் என்ற முடிவுக்குச் சாள்ஸ் பபேஜ் வந்ததற்கு இத்தொழிற்பிரிவும் ஒரு காரணம். 1832இல் எழுதிய பொருளாதார நூலில் அவர் இதனை விரிவாக எடுத்துரைத்துள்ளார்.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் தகும். பிரான்சிலும் வாக்கிய மரபிலும் ஆக்குவோனும் கணிப்போனும் பிரிந்தே நின்றனர். ஆனால் பாரிசில் மூன்று படியினரும் ஒரே நிறுவனத்தில் ஒரே காலத்தில் இருந்தனர். மேற்படியினர் கீழ்ப்படியின் பிழையைக் கண்டு திருத்த முடிந்தது. நம்மிடத்தோ ஆக்கியோர் பல நூற்றாண்டுக்கு முன் மறைந்துவிட்டனர். கணிப்போர் மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தனர்.

செய்நிரலையும் பொறியையும் பிரித்து வைக்கும் எண்ணம் பபேஜின் பகுப்புப் பொறியில் துளையட்டை வடிவிலே தோன்றியது. அது செயலுக்கு வர ஒரு நூற்றாண்டு சென்றது. 1965இல் இத்தாலியின் ஒலிவெற்றி நிறுவனம் வெளியிட்ட புரோகிராமா 101, மேசைமீது வைக்கத்தக்க செய்நிரற் கணிப்பான். கட்டளைகள் காந்த அட்டையிற் பதியப்பட்டன. 1974இல் ஹியூலற்-பக்கார்ட் வெளியிட்ட எச்பி-65 சட்டைப்பைக்குள் அடங்கியது. 100 படிகள் கொண்ட செய்நிரலைச் சிறு காந்த அட்டையிலிருந்து வாசித்தது. 1975இல் அப்பல்லோ-சோயுஸ் விண்பயணத்திலும் அது எடுத்துச்செல்லப்பட்டது. 1977இல் வந்த ரெக்சாஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் ரிஐ-59 கணிப்பான் 960 படிகள்வரை ஏற்றது. பொறியியலாளர்க்கும் மாலுமிகளுக்கும் ஆயத்தச் செய்நிரல் அட்டைகள் தொகுதியாக விற்கப்பட்டன. அட்டையைச் செருகி எண்களைக் கொடுத்தால் விடை வரும். உள்ளிருக்கும் கணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அட்டையைச் செருகியவரின் நிலை, வாக்கியத்தை ஓதிச் சோழி பரப்பியவரின் நிலைக்கு மிகவும் அண்மையானது.

திருத்த முடியாத செய்நிரல்

இம்மரபின் வலிமையே அதன் குறையுமாயிற்று. வாக்கிய அட்டவணை சந்திரனின் ஓர் ஏற்றத்தாழ்வை மட்டும் கணக்கில் எடுத்தது. அதன் உச்ச அளவு ஏறத்தாழ 5 பாகை. பௌர்ணமியிலும் அமாவாசையிலும் அவ்வளவு ஏறத்தாழச் சரியானது. ஆகவே கிரகணங்கள் பெரும்பாலும் ஒத்துவந்தன. அட்டமியை அண்டிய நாட்களிற் சூரியனின் ஈர்ப்பால் வேறு ஏற்றத்தாழ்வுகள் சேர்வதால், திதி முடியும் நேரத்தில் ஐந்து ஆறு மணி நேரம் வரையில் வேறுபாடு வரலாம். அதுபோலவே, வாக்கியம் கொண்ட சூரிய ஆண்டு 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 வினாடி. விண்மீன்களை வைத்து அளந்த ஆண்டு இதனிலும் ஏறத்தாழ 3 நிமிடம் 20 வினாடி குறைவு. இச்சிறு வேறுபாடு 430 ஆண்டளவில் ஒரு நாளாகப் பெருகும்.

செய்நிரலின் பொருளை அறிந்தவன் இதனைத் திருத்தியிருப்பான். கேரளத்தில் 14ஆம் நூற்றாண்டினரான சங்கமக்கிராம மாதவன் சந்திர வாக்கியங்களை விகலை நுட்பத்துக்குப் புதுக்கினான். ஆக்குவோன் உயிரோடு உள்ள மரபு திருந்தும் என்பதற்கு அது சான்று. யாழ்ப்பாணத்தில் அத்தகைய வாய்ப்பு அரிதாயிற்று. கணிப்பு சில குடும்பங்களின் உரிமையாயிற்று; ஏடு வெளியார் கையிற் செல்லவில்லை; எழுத்தறிவே பலருக்கு மறுக்கப்பட்ட சமூகத்தில், வாக்கியத்தை வினாவுதற்கு உரியவர் எவருமில்லை.

1829இல் அராலி விசுவநாத சாஸ்திரியார் கணித்த பஞ்சாங்கத்தின் சந்திர கிரகண நேரத்தை வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவர் டானியல் பூவர் மறுத்தார். மார்ச்சு மாதத்தில் கிரகணம் நிகழ்ந்தபோது பூவரின் கணிப்பே பொருந்தியது. மிசனரிமார் அதனைச் சமயப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தினர் என்பதை மறத்தலாகாது. ஒரு மாறிலியின் பிழையைக் கொண்டு ஒரு மக்களின் அறிவு முழுவதையும் பிழையென நிறுவ முயன்றமை நியாயமன்று. எனினும் பூவரின் மாணவர் தம் ஆசிரியரின் கணிப்பைத் தாமே செய்து பார்க்கக் கற்பிக்கப்பட்டனர்; சாஸ்திரியாரின் பஞ்சாங்கத்தை வாங்கியோர்க்கு அவ்வாய்ப்பு இருக்கவில்லை. உண்மையான வேறுபாடு இதுவே. அது கிழக்கு மேற்கு என்ற வேறுபாடன்று.

அவ்விவாதம் இன்றும் வேறு வடிவில் தொடர்கின்றது. கொக்குவிலில் அச்சாகி வந்த இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கமும், தற்கால அளவீடுகளைத் தழுவிய மட்டுவில் திருக்கணித பஞ்சாங்கமும் புதுவருடப் பிறப்புக்கு வெவ்வேறு நேரங்களைக் குறிக்கின்றன. எதனைக் கைக்கொள்வது என்பது பெரும்பாலும் குடும்ப வழக்கால் முடிவாகின்றது. இரண்டும் எவ்வாறு கணிக்கப்படுகின்றன என்ற வினா பாடசாலைகளில் எழுவதில்லை. உயர்தரக் கணித மாணவன் ஒருவனால் மேலே காட்டிய வகுத்தலை அரைமணியிற் செய்ய இயலும். செய்யுமாறு அவனிடம் எவரும் கேட்பதில்லை.

நம் முன்னுள்ள கடன்

கணனியைப் பொறுத்தும் இதே வினா எழுகின்றது. 1960இல் பம்பாயில் இயங்கத் தொடங்கிய ரிஃப்ராக் கணனி, சென்னையிற் பிறந்த ஆர். நரசிம்மனின் தலைமையில் இளைஞர் குழுவொன்று வடிவமைத்தது. 40 இலக்கத் துணுக்குகளைக் கொண்ட 2048 சொற்களை அதன் நினைவகம் தாங்கியது. மேலைநாட்டுப் பொறிகளோடு ஒப்பிட அது விரைவிற் பழமையாயிற்று. 1964இல் பெரும் அமெரிக்கக் கணனி ஒன்று அந்நிறுவனத்துக்கு வந்தது. ஆயினும் அக்குழுவினர் பொறியின் உள்ளமைப்பை அறிந்தவர்களாயினர். வாங்கிய பொறியை இயக்கியோர் அதனைப் பெறவில்லை. இலங்கைக்கு 1960களின் பிற்பகுதியில் வந்த கணனிகள் முழுமையாக இறக்குமதியானவை. இன்று கைத்தொலைபேசியே திதியும் நட்சத்திரமும் கணித்துத் தருகின்றது. அக்கணிப்பு வாக்கியமா திருக்கணிதமா என்பதைக்கூட நாம் வினாவுவதில்லை. கருவி மிக விரைவாயிற்று. வினாவாமை மட்டும் பழையபடியே உள்ளது.

மற்றொரு கடனும் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. 1995 ஒற்றோபர் இறுதியில் அளவெட்டி உள்ளிட்ட வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, வீட்டுப் பரண்களிற் கிடந்த ஏடுகள் பல கைவிடப்பட்டன. சேமிப்பகம் மனித நினைவாக இருந்த ஒரு மரபு, அந்நினைவை உடையோர் மறையும்போது தடமின்றி மறைகின்றது. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் அச்சு நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவிற் பாதுகாத்து வருவது பெரும்பணி. அதனோடு, வாக்கியங்களை இன்னும் மனனமாக அறிந்த முதியோரின் ஓதுதலை ஒலிப்பதிவு செய்தலும், எஞ்சிய கணித ஏடுகளைப் படம்பிடித்தலும், அவற்றின் எண்களைச் சரிபார்த்து வெளியிடுதலும் கணிதத்துறையும் தமிழ்த்துறையும் இணைந்து செய்யத்தக்கன.

சோழி பரப்பிய கணிதரின் நினைவாற்றலை நாம் மதிக்கின்றோம். ஆனால் அவருக்கு ஏன் கோட்பாடு மறைக்கப்பட்டது என்ற வினாவையும் அதே மதிப்போடு எழுப்புதல் வேண்டும். செய்நிரலை இயக்குவோர் பலராகவும் அதன் பொருளறிந்தோர் மிகச் சிலராகவும் உள்ள நிலை, ஏட்டுக் காலத்தைப் போலவே கணனிக் காலத்திலும் பிழையை நிலைநிறுத்தும். நம் மாணவர் வாக்கியத்தையும் வகுத்தறியவேண்டும், பொறியையும் திறந்தறியவேண்டும். அதற்கான பாடத்தைத் தமிழில் ஆக்கித் தருதல் பல்கலைக்கழகத்தார் அனைவருக்கும் உரிய பொறுப்பாகும்.